ஷட்டர் சாவி யார்கிட்ட?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது வீட்டில் மூன்று விவகாரங்கள் காத்திருந்தன. குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவியலாகக் கிடந்தது; மழைக்குப் பயந்து அத்தான் நான்கு நாளாக அங்கேயே படுதாவோடு காவல் கிடந்தார். கொல்லைச் சுவர் ஊறிச் சரிந்திருந்தது. மூன்றாவது, அக்கா மகளின் லேப்டாப். முதல் இரண்டுக்கும் என்னால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதற்காகத்தான் எனக்கு எவனோ சம்பளம் கொடுக்கிறான் என்பது அவர்கள் நம்பிக்கை.

"மாமா, ஆன் பண்ணா கம்பெனி பேரு வருது. சுத்துது சுத்துது, அப்புறம் ஒரே கறுப்பு. ஃபேன் மட்டும் ஓடுது" என்றாள்.

பி.சி.ஏ. இரண்டாம் வருஷம். 18,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய லேப்டாப். பதினைந்து நாளில் புராஜெக்ட் காட்ட வேண்டும். ரிப்பேர் கடையில் இரண்டே நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: "கிராபிக்ஸ் சிப் போயிடுச்சு. போர்டு மாத்தினா ஒன்பதாயிரம் ஆவும். அதுக்கு மேல கொஞ்சம் போட்டு புதுசே வாங்கிடுங்க."

அக்கா அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "செயினை சொசைட்டில வெச்சுட்டு புதுசே வாங்கிடலாமாடா தம்பி? நெல்லு காசு வந்தோன்ன மீட்டுக்கலாம்."

நெல் வாசலில் நனைந்துகொண்டிருக்கிறது. அதன் காசை நம்பி செயின் அடகுக்குப் போகிறது. இத்தனைக்கும் அந்தச் சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தது டிரைவருக்கு. அதாவது சில நூறு எம்பி அளவுள்ள ஒரு மென்பொருளுக்கு. நான் இங்கே சண்டைக்கு வந்திருப்பது இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றித்தான்: கெட்டுப்போனது ஒரு ஃபைல், கழுத்தை விட்டு இறங்கப் பார்த்தது ஒரு செயின்.

*

முதலில் உபயோகமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் நாளைக்கு இது நடக்கும்.

திரை கறுப்பானால் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் போச்சு. எதுவும் தெரியாவிட்டால் ஒரு எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துப் பாருங்கள். (எங்கள் வீட்டுப் பரணில் கலைஞர் டிவி இன்னும் இருக்கிறது. அதில் எச்டிஎம்ஐ கிடையாது. பக்கத்து வீட்டு டிவியைத்தான் கடன் வாங்கினேன்.) அங்கே படம் வந்தால் பிரச்சினை லேப்டாப் திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோ. அங்கேயும் வராவிட்டால் அடுத்தது, பயாஸ் திரைக்குள் போய்ப் பத்து நிமிஷம் சும்மா விட்டுவிடுங்கள். கோடு, புள்ளி, நடுக்கம் எதுவும் இல்லாமல் அது நின்றால் திரையும் அடிப்படை வன்பொருளும் பிழைத்திருக்கின்றன. கடைசியாக சேஃப் மோட். அதில் கணினி கம்பெனி டிரைவரை ஓரம் கட்டிவிட்டு, எந்தச் சிப்புக்கும் பொருந்தும் ஒரு மொண்ணை டிரைவரை வைத்துப் படம் காட்டும். சேஃப் மோடில் ஒழுங்காக வந்து, வழக்கமாகத் திறக்கும்போது மட்டும் கறுப்பானால், உங்கள் சந்தேகம் முதலில் டிரைவர் மேல்தான் போக வேண்டும்.

அக்கா மகளின் லேப்டாப் பயாஸில் நின்றது. சேஃப் மோடிலும் வந்தது. இதற்கு மொத்தம் இருபது நிமிஷமும் ஒரு டார்ச்சும் ஆனது.

கடைக்காரர் ஏன் இதைச் செய்யவில்லை என்று நான் கோபப்படப் போவதில்லை. போர்டு மாற்றினால் அவருக்குக் கூலி உண்டு. டிரைவரோடு இரண்டு ராத்திரி மல்லுக்கட்டினால் ஐந்நூறு ரூபாய் கேட்பதற்குள், "சாஃப்ட்வேர்தானே போட்டீங்க" என்று முறைப்பார்கள். தவிர, அந்த மாடலுக்கான எந்தக் கையேடும் அவர் கையில் இல்லை. கண்ணைக் கட்டிவிட்டு வைத்தியம் பார்க்கச் சொன்னால், அறுவைச் சிகிச்சை என்றுதான் யாரும் சொல்வார்கள்.

*

டிரைவர் என்றால் என்ன என்று அக்கா கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

மேட்டூரில் ஜூன் 12 என்று தேதி வைத்துத் தண்ணீர் திறக்கிறார்கள். அது கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார், பூத் தூவுவார்கள். ஆனால் எங்கள் வாய்க்கால் தலைப்பில் ஷட்டரைத் திருகி ஏற்றுவது லஸ்கர். அந்த ஷட்டர் எந்தப் பக்கம் சுற்றும், எத்தனை சுற்றுக்கு மேல் போனால் சிக்கிக்கொள்ளும், எப்போது ஒரு தட்டு தட்ட வேண்டும் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். மேலே இருப்பவர்கள் "இவ்வளவு தண்ணீர் விடு" என்று மட்டும் சொல்வார்கள். இரும்பின் குணம் தெரிந்தவர் லஸ்கர்.

டிரைவர் அந்த லஸ்கர்தான். ஆபரேட்டிங் சிஸ்டம் "இந்தப் படத்தை வரை" என்று உத்தரவு போடும். சிப் வெறும் இரும்பு. நடுவில் நின்று, இந்தச் சிப்பின் எந்த மூலையில் என்ன எண்ணை எழுதினால் திரையில் என்ன நடக்கும் என்று அறிந்த ஆள் டிரைவர்.

"அந்த லஸ்கர் ரிட்டையர் ஆயிட்டா?" என்றாள் அக்கா.

சரியான இடத்தில் வந்து கேட்டாள். எங்கள் ஊரில் லஸ்கர் ரிட்டையர் ஆனால் தண்ணீர் நிற்காது. ஷட்டர் எல்லோர் கண்ணுக்கும் எதிரே நிற்கிற பொருள். நாலு பேர் அதைத் திருகிப் பார்த்திருப்பார்கள். துருப்பிடித்தால் கிரீஸ் வைக்கலாம், வளைந்தால் திருவையாற்றிலிருந்து வெல்டரைக் கூட்டிவரலாம். கிராபிக்ஸ் சிப் விஷயத்தில் நடந்திருப்பது வேறு. ஷட்டரை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, லஸ்கரையும் கம்பெனி ஆளாக ஆக்கி, ஆறேழு வருஷம் கழித்து அவரைத் திரும்ப அழைத்துக்கொள்கிறார்கள். இரும்பு நன்றாகத்தான் இருக்கிறது. வயல் காய்கிறது.

*

அடுத்த இரண்டு ராத்திரிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்த லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப்கள். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னது ஒன்று. விளையாட்டுக்கும் முப்பரிமாண வேலைக்கும் தனியாகப் பொருத்திய பெரியது ஒன்று. அப்டேட்டோடு வந்த புது டிரைவர் பெரிய சிப்போடு ஒத்துப்போகவில்லை. பழைய டிரைவருக்குத் திரும்பிப் போகும் பட்டன் மங்கிக் கிடந்தது. தயாரித்தவரின் தளத்தில் அந்த மாடலுக்கான பக்கமே இல்லை. எங்கேயோ தேடிப் பழைய டிரைவர் ஒன்றைப் பிடித்துப் போட்டேன். இரண்டு நாள் அருமையாக ஓடியது. முப்பரிமாணப் படமெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. சிப் சாகவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மூன்றாம் நாள் காலை அப்டேட் தானாகவே வந்து, புது டிரைவரை மறுபடி உட்கார வைத்துவிட்டுப் போனது. திரும்பவும் கறுப்பு.

அப்போது எனக்குள் இருக்கும் லினக்ஸ்காரன் எழுந்தான். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் பூட் செய்தேன். அதிலும் கறுப்பு. பூட் ஆகும்போது 'நோமோட்செட்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தால், கெர்னல் கிராபிக்ஸ் டிரைவரைத் தொடாமல் உள்ளே விட்டுவிடும். அப்படி உள்ளே போனேன். பெரிய சிப்புக்குக் கம்பெனி தரும் மூடிய டிரைவரின் பழைய வரிசையைப் போட்டேன். செக்யூர் பூட் அதை ஏற்கவில்லை. அதற்கு ஒரு சாவி உருவாக்கி, மறுபடி பூட் செய்து, நீலத் திரையில் பாஸ்வேர்டு கொடுத்துப் பதிவு செய்தேன். ஓடியது. கெர்னல் அப்டேட் ஆனது. மூடிய டிரைவர் புதுக் கெர்னலோடு சேர மறுத்தது. கறுப்பு.

பார்த்துக்கொண்டிருந்தவள் கடைசியில் கேட்டாள்: "மாமா, நீங்களே இவ்ளோ கஷ்டப்படுறீங்களே, இஞ்சினியர் இல்லாத வீட்ல என்ன பண்ணுவாங்க?"

செயினை வைப்பார்கள். வேறென்ன?

*

அந்தச் சிப்பை எந்தக் கம்பெனி செய்தது என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவனெல்லாம் யோக்கியன் ஆகிவிடுவான். ஆனால் இந்தச் சண்டைக்கு ஊரறிந்த ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் "டெக்னிக்கல் ப்ராப்ளம்" என்று தள்ளிவிடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் துரோகம்.

1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அது அடிக்கடி பேப்பரைச் சிக்கவைத்தது. சிக்கினால் பயனருக்குத் தகவல் போகிற மாதிரி மென்பொருளைத் திருத்தலாம் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் நினைத்தார். பழைய பிரிண்டரில் அப்படித்தான் செய்து வைத்திருந்தார். மூல நிரல் தர மறுத்துவிட்டார்கள். 1983இல் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்குப் பின்னால் இந்தக் கசப்பும் இருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கம் ஏதோ மேடைத் தத்துவத்தில் பிறந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பேப்பர் சிக்கிய ஒரு பிரிண்டரின் மென்பொருள் கைக்கு எட்டாமல் போனதும் அதன் பிறப்புக் கதைதான்.

2012 ஜூன். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம். பார்வையாளர் ஒருவர் எழுந்து, இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள தன் லேப்டாப்புக்கு என்விடியாவிடமிருந்து லினக்ஸில் எந்த ஒத்துழைப்பும் இல்லை என்று முறையிட்டார். லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். அந்தப் படம் உலகம் முழுக்க மீமாகச் சுற்றியது. கேள்வி கேட்டவரின் லேப்டாப் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. நாம் விரலைப் பார்த்தோம்.

என்விடியா சிப்களுக்கு வெளியாட்கள் எழுதிய கட்டற்ற டிரைவர் ஒன்று உண்டு, 'நூவோ'. கம்பெனி ஆவணம் கொடுக்காத காலத்தில், சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே எழுதிய டிரைவர். 2014இல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் சிப்களிலிருந்து, உள்ளே ஓடும் ஃபர்ம்வேருக்குக் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயமானது. அதன் பிறகு நூவோவால் அந்தச் சிப்களின் வேகத்தைக்கூட ஏற்ற முடியவில்லை. பூட் ஆகும்போது இருக்கும் மந்த வேகத்திலேயே ஓட்ட வேண்டியிருந்தது. வாங்கியவர் காசு கொடுத்த வேகம் பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பகுதியின் நிரலைத் திறந்து வெளியிட்டது. நல்லது. ஆனால் அது 2018இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் பொருந்தும். ஃபர்ம்வேர் இன்னும் மூடியே இருக்கிறது. செகண்ட்ஹேண்டில் பதினெட்டாயிரத்துக்கு வருவதோ அதற்கு முந்தைய காலத்து இயந்திரங்கள்தான். திறந்த கதவு பணக்காரத் தெருவில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. ஏஎம்டி 2007இல் தன் கிராபிக்ஸ் சிப்களின் ஆவணங்களைத் திறக்க ஆரம்பித்தது. இன்டெல் தன் சிப்களுக்கான டிரைவரை லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே எழுதி வைக்கிறது. (அங்கேயும் ஒரு கறை உண்டு: 2008 வாக்கில் நெட்புக்குகளில் வந்த ஜிஎம்ஏ 500. அது வேறொரு நிறுவனத்திடமிருந்து உரிமம் வாங்கிய வடிவமைப்பு என்பதால் டிரைவர் திறக்கவில்லை. வாங்கியவர்கள் வருஷக்கணக்கில் அழுதார்கள்.) "தொழில் ரகசியம், திறந்தால் தொழில் போய்விடும்" என்கிறவர்களுக்கு என் ஒரே பதில்: திறந்தவர்களின் தொழில் போகவில்லை.

*

டிரைவர் கெர்னலுக்குள் இருப்பதால் என்ன லாபம்? இதுதான் இந்தக் கட்டுரையின் மையம், கொஞ்சம் பொறுங்கள்.

லினக்ஸ் கெர்னல் தன் உள் இணைப்புகளை மாற்றிக்கொண்டே இருக்கும். அப்படியே நிலையாக வைத்திருப்பேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு விதி உண்டு. உள்ளே ஓர் இணைப்பை மாற்றுகிறவர், அதனால் உடையும் எல்லா டிரைவர்களையும் தானே திருத்தித் தர வேண்டும். டிரைவர் உள்ளே இருந்தால், அதை எழுதிய கம்பெனியே மூடிப்போனாலும் யாரோ ஒருவர் அதைத் திருத்திக்கொண்டே போவார். வெளியே இருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது தனியாக ஓடி வந்து சேர வேண்டும். ஓடி வருகிற கம்பெனி ஒருநாள் நின்றுவிட்டால் கதை முடிந்தது. அக்கா வீட்டு லேப்டாப்பில் கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு நடந்தது அதுதான்.

டெல்டாக்காரனுக்கு இது புது நியாயம் இல்லை. வாய்க்கால் கரையை உசத்துகிறவன், அதில் இருக்கும் மடைகளையும் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். குடிமராமத்து என்று அதற்குப் பெயரே வைத்திருந்தோம்.

கல்லணைதான் உலகின் முதல் ஓப்பன் சோர்ஸ் என்று வாட்ஸப் ஃபார்வர்டு எழுத எனக்கு ஆசையில்லை. குடிமராமத்தில் மண் சுமந்தவர்கள் யார், தண்ணீர் முதலில் பாய்ந்தது யார் வயலில் என்று கேட்டால் கீழத்தஞ்சையின் பண்ணையாள் வரலாறு பதில் சொல்லும். 1858இல் வெள்ளைக்காரன் அந்த உழைப்பைச் சட்டம் போட்டே கட்டாயமாக்கினான். லினக்ஸ் கெர்னலும் ஏதோ ஞானிகளின் ஆசிரமம் இல்லை. அதில் பெரும்பகுதி வேலையைச் செய்வது கம்பெனிச் சம்பளக்காரர்கள். பொதுவில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது. ஆனால் பொதுவில் இருப்பதைப் பற்றி நியாயம் கேட்கலாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனபோது, ஜனம் கரையில் நின்று பார்த்தது. மணல் அள்ளியதாலா, பராமரிக்காததாலா என்று டீக்கடை வரைக்கும் விவாதம் நடந்தது. 1836இல் கட்டியது என்பது எல்லோருக்கும் மனப்பாடமானது. உடைந்தது எது என்று கண்ணால் பார்க்க முடிந்ததால் கேள்வி கேட்க முடிந்தது. லேப்டாப் கறுப்பாகும்போது நாம் நின்று பார்க்க ஒரு கரைகூட இல்லை.

*

இனி எங்கள் ஆட்களிடம் வருகிறேன்.

"லினக்ஸ் போடு, சுதந்திரமா இரு" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். யாராவது திரை கறுப்பாகிவிட்டது என்று வந்தால், "வாங்கறதுக்கு முன்னாடியே சிப் பார்த்து வாங்கியிருக்கணும்" என்போம். கண்டியூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி தஞ்சாவூர் போய், கையில் இருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அதை வாங்கி வருகிற பெண்ணிடம் இதைச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? நம்முடைய சுதந்திரத்துக்கு ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு: ஆங்கிலம், இணையம், மூன்று ராத்திரி. இந்தக் கட்டணத்தைக் குறைக்க, 2012லிருந்து வரும் 'கணியம்' மாதிரி சிலர் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சப் பேர் கேலி பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு பழைய கருவிக்கான ஆதரவை நீக்கும் வேலை என்னிடம் வந்தது. நானூறு சொச்சம் வரி நிரல். அழித்தேன், டெஸ்ட் ஓடியது, டிக்கெட்டை மூடினேன். மீட்டிங்கில் பாராட்டினார்கள், நிரல் மெலிந்துவிட்டதாம். அந்தக் கருவியை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள் என்று மீட்டிங்கில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா செயினைப் பற்றிப் பேசியபோது எனக்கு அந்த டிக்கெட்தான் ஞாபகம் வந்தது. எங்கோ ஒரு ஊரில், என்னால் ஒரு செயின் இறங்கியிருக்கலாம்.

இலக்கிய இதழில் டிரைவரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பூட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அரசியல் இருக்கிறது. நிலத்தில் இருந்தபோது நிலத்தைப் பற்றி எழுதினோம். இப்போது பூட்டு சிப்புக்குள் போயிருக்கிறது.

*

கடைசியாக அரசாங்கம். 2011 செப்டம்பர் 15இல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. எல்காட் மூலமாக வாங்கி, ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தத் திட்டத்தைக் கேலி செய்யும் நகரத்து மேதாவிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. என்னோடு வேலை பார்க்கும் பலருக்கு அதுதான் முதல் கணினி. 2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மறுபடி அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் டெண்டரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ராம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு, பெட்டி மேல் யார் படம் என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. ஐந்து வருஷம் கழித்து அந்த இயந்திரம் யார் பேச்சைக் கேட்கும் என்பதும் விவாதமாக வேண்டும்.

இருபது லட்சம் லேப்டாப் வாங்குகிறவர் கேட்டால் எந்தக் கம்பெனியும் காது கொடுக்கும். அக்கா கேட்டால் கொடுக்காது. அதனால் அரசு மூன்றைக் கேட்க வேண்டும். ஒன்று: உள்ளே இருக்கும் கிராபிக்ஸ், வைஃபை, ஒலி எல்லாவற்றுக்குமான டிரைவர், டெண்டர் நாளிலேயே லினக்ஸ் கெர்னலின் மூலத் தொகுப்புக்குள் இருக்க வேண்டும். இல்லாத சிப் வேண்டாம். இரண்டு: எல்லா டிரைவரும் ஃபர்ம்வேரும் பத்து வருஷத்துக்கு அரசின் சொந்தச் சேமிப்பகத்தில் பொதுவில் கிடைக்க வேண்டும், தயாரித்தவர் பக்கத்தைத் தூக்கிவிட்டால் தலையில் கைவைக்கிற நிலை கூடாது. மூன்று: பழுதுபார்க்கும் கையேடு தமிழில், ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும் ரிப்பேர் கடைக்கும். அடுத்த முறை அந்தக் கடைக்காரர் இரண்டு நிமிஷத்தில் போர்டு போச்சு என்று சொல்ல வேண்டியிருக்காது.

இது கனவு இல்லை. பிரான்ஸில் 2021லிருந்து லேப்டாப்புக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும். ஆவணம் கிடைக்கிறதா என்பதும் அந்த மதிப்பெண்ணில் ஒரு பங்கு. இந்திய அரசும் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் எலக்ட்ரானிக்ஸ் ஒன்று, விவசாயக் கருவிகள் இன்னொன்று. எங்கள் வீட்டின் இரண்டு கவலைகளும் ஒரே பட்டியலில் இருந்தன. பட்டியல் சட்டமாக வேண்டும்.

"அக்கா மகள் கெர்னல் கோட் படிக்கப் போறாளா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். படிக்க வேண்டாம். ஊரில் எல்லோரும் ஷட்டரைத் திருகுவதில்லை. திருகத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் போதும், சாவியும் ஊரில் இருக்க வேண்டும்.

*

ஊருக்குக் கிளம்புகிற அன்று கடைசியில் என்ன செய்தேன் என்றால், பெரிய சிப்பை முழுக்க அணைத்துவிட்டு, பிராசஸருக்குள் இருக்கும் சின்னச் சிப்பில் மட்டும் லினக்ஸை ஓடவிட்டேன். அதன் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அன்றிலிருந்து கறுப்பு இல்லை. புராஜெக்ட் காட்டிவிட்டாள். செயின் கழுத்தில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அத்தானுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் 19 என்றதாம். 17க்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அத்தான் குவியலுக்குள் கையை விட்டு நாலு நெல்லை எடுத்து, ஒன்றைப் பல்லில் வைத்து நறுக்கென்று கடித்தார்.

"மிஷின் சொல்றது சரிதான். அடியில ஈரம் இருக்கு. நாளைக்கு ஒரு வெயில் அடிச்சா தேறிடும்" என்றார்.

அக்கா மகள் அவர் கையிலிருந்து ஒரு நெல்லை வாங்கித் தானும் கடித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "அந்த இன்னொரு சிப்பு மாமா, அதுக்கும் சேத்துதானே காசு குடுத்தோம்?" என்றாள்.

ஆமாம் என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.